கோத்தகிரிப் பக்கம் ஒரு நாள்

நீலகிரி செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையத்தைக் கடந்ததும் குன்னூர்ச் சாலையைப் பிடித்து உதகைக்கு விரைந்துவிடுவதால், கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதை நம்மைப் போன்ற சோம்பேறிகளுக்கு மிகவும் சௌகரியமாக வாய்த்திருக்கிறது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதலில் பங்களா கட்டிக்கொண்டது இப்பகுதியில், கன்னேரிமுக்கு கிராமத்தில்தான். பின்னர் அவர் மனம் உதகையின்பால் சென்றதும், 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் ரயில் போய்ச் சேர்ந்ததும், அதிகாரமும் ஜனக்கூட்டமும் அந்தப் பக்கமே சாய்ந்தன. அந்த உபேட்சையைக் கோத்தகிரியின் பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

காலையில் லாங்வுட் சோலைக்குப் போகலாம். ஊரிலிருந்து சிறிது தூரந்தான். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே நாலடி வைத்ததும் ஈர மண்ணின் வாசனையும் குளிரும் சூழ்ந்துகொள்கின்றன. உயரம் அதிகமில்லாத மரங்கள் கிளைகளைப் பின்னிக்கொண்டு நிற்க, அடிமரமெல்லாம் பாசி படர்ந்து, அதன்மேல் பெரணிகள் முளைத்து, விழுந்து மக்கிய இலைகள் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குச் சிறிது சிறிதாக விடுகின்ற அந்த ஏற்பாட்டைப் பார்த்தால், மலையடிவாரத்துக் குடிதண்ணீருக்கு மூலம் எது என்பது விளங்கும். மழைக்காலத்தில் அட்டை உண்டு. உப்பைக் கையில் வைத்துக்கொள்வது உசிதம்.

வெளியே வந்து, சூடான தேநீரும் வர்க்கியும் கிடைக்கும் கடை ஒன்றில் அமரலாம். தொட்டவுடன் ஏடு ஏடாக உதிர்கின்ற வர்க்கியைத் தேநீரில் தோய்க்காமல் தின்பது, என் அபிப்பிராயத்தில், பல்லுக்கும் ருசிக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி.

பிற்பகலில் கோடநாட்டுச் சாலை. கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரம், சில்வர் ஓக் மரங்கள் ஊடே நிற்கும் தேயிலைச் சரிவுகளையும், வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் படகர் ஹட்டிகளையும் பார்த்துக்கொண்டே காரை மெல்ல ஓட்டிச் செல்லலாம். கிளைச் சாலை எது தென்பட்டாலும் திரும்பிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கோடநாட்டுக் காட்சிமுனையில் மலை திடீரென்று முடிந்துபோக, கீழே வெகு ஆழத்தில் மாயாறும் தெங்குமரஹாடா கிராமத்து வயல்களும், எதிரே ரங்கசாமி மலைமுடியும் தெரிகின்றன. மூடுபனி வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. அரைமணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் விலகிவிடும்.

இருட்டுமுன் திரும்பிவிடுவது நல்லது. அந்தி நேரத்தில் காட்டெருமைகள் தோட்டத்தைவிட்டுச் சாலைக்கு வருவதுண்டு. ஹாரன் அடிக்காமல், அவை தம் விருப்பப்படி கடந்து போகும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.