நைதரசனைப் பிடிக்கும் நொதியமும் படுவான்கரை வயல்களும்

பெரும்போக விதைப்பு முடிந்து மாரிநீர் வரம்புகளுக்குள் தேங்கி நிற்கும் நாட்களில், படுவான்கரை வயல்களிலே பயிரின் அடியில் நீலமும் பச்சையும் கலந்த பாசி படர்வதை மட்டக்களப்பு நேயர்கள் நன்கு அறிவர். காலில் வழுக்கும் அப்பாசியை உழவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இளம் பயிரை மூடிவிடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. ஆயினும், உரத் தொழிற்சாலையொன்று பெருநெருப்பும் பேரமுக்கமும் கொண்டு செய்து முடிக்கும் வேலையை, அப்பாசியின் சில இனங்கள் வெதுவெதுப்பான சேற்று நீரிலே ஓசையின்றிச் செய்துவருகின்றன. அவற்றுக்கு அவ்வாற்றலைத் தருவது நைதரசனேசு என்னும் ஒரு நொதியம். அந்நொதியம் எங்கே ஒளிந்திருக்கின்றது, எப்பொழுது விழிக்கின்றது, உழவனுக்கு அதனால் ஆகும் பயன் எவ்வளவு என்ற வினாக்களைத் தம் ஆராய்ச்சி வாழ்வின் பொருளாகக் கொண்டவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியராயிருந்த எஸ். ஏ. குலசூரிய ஆவார்.

அவருடைய பணியை விளங்கிக்கொள்வதற்கு முன்னர், வினாவின் கடுமையை நாம் உணரவேண்டும். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைதரசன். நெற்பயிருக்கு இன்றியமையாத ஊட்டமும் அதுவே. எனினும் அந்தக் காற்றிலே நின்றுகொண்டே பயிர் நைதரசன் இன்றி மஞ்சளித்து வாடும். காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டிரண்டாக மூன்று பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். அப்பிடியைத் தளர்த்த எந்தப் பயிருக்கும் வலுவில்லை. செருமானிய இரசாயன அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்திலே அதனைச் செய்துகாட்டினார்; கார்ல் பொஷ் 1913இல் ஒப்பாவு என்னுமிடத்தில் அதைத் தொழிற்சாலையாக்கினார். 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பமும், வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு அமுக்கமும் அதற்கு வேண்டியிருந்தன. நாம் மூடை மூடையாக வாங்கி வீசும் யூரியாவின் பிறப்பு அங்கேதான்.

நைதரசனேசு இதே வேலையை வயலின் வெப்பநிலையிலேயே செய்கின்றது. ஆனால் இலவசமாகச் செய்கின்றது என்று எண்ணிவிடலாகாது. ஒரு நைதரசன் மூலக்கூற்றை இரண்டு அமோனியா மூலக்கூறுகளாக்குவதற்கு எட்டு இலத்திரன்களும், கலங்களின் சக்தி நாணயமாகிய ஏ.ரி.பி. மூலக்கூறுகள் பதினாறும் செலவாகின்றன. நொதியங்களுள் இது மிகவும் மந்தமானதும்கூட; வினாடிக்கு ஒன்றிரண்டு நைதரசன் மூலக்கூறுகளுக்கு மேல் அதனால் மாற்றமுடியாது. ஆதலால் உயிர்க்கலம் இந்நொதியத்தைப் பேரளவில் ஆக்கவேண்டியுள்ளது.

உலகின் பல ஆய்வுகூடங்கள் அதன் உள்ளமைப்பை அறியப் பல்லாண்டு உழைத்தன. கலங்களைச் சிதைத்துப் பெற்ற சாற்றிலே நைதரசனைப் பதிக்கலாம் என்று 1960இல் அமெரிக்காவிலே நிறுவப்பட்டது. இரு புரதங்கள் சேர்ந்தே இந்நொதியம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வினோத் ஷா, வின்ஸ்ரன் பிறில் ஆகிய இருவரும் 1977இல் அதன் இதயம் போன்ற இரும்பு-மொலிப்டனத் துணைக்கூற்றைப் பிரித்தெடுத்தனர். 1992இல் அதன் முப்பரிமாண வடிவம் புலனாயிற்று. ஏழு இரும்பணுக்களும் ஒன்பது கந்தகவணுக்களும் ஒரு மொலிப்டனவணுவும் கொண்ட அச்சிறு கூட்டின் நடுவே இருப்பது காபன் அணு என்பது 2011இல்தான் உறுதிப்பட்டது. பாசி பன்னெடுங்காலமாகக் கையாண்டுவரும் கருவியின் உறுப்புகளை எண்ணி முடிக்க மனிதனுக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

இந்நொதியத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒட்சிசன் பட்டால் அது அழிந்துபோகும், பின்னர் மீளாது. அவரை இனப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் றைசோபியம் பற்றீரியாக்களுக்கு, நம் குருதியின் செந்நிறப் பொருளை ஒத்த ஒரு புரதம் காவலாக நிற்கின்றது. அது ஒட்சிசனை அளந்தே உள்ளே விடுகின்றது. ஆனால் நீலப்பச்சைப் பாசியின் நிலை வேறு. அது சூரிய ஒளியில் ஒளித்தொகுப்பு நடத்தி, ஒட்சிசனைத் தானே தன் உடலுக்குள் உண்டாக்குகின்றது. எதிரியைத் தன் வீட்டிலேயே பெற்று வளர்க்கும் உயிர், இந்நொதியத்தை எங்கே பாதுகாத்து வைக்கும்?

அனபீனா என்னும் பாசியை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மணிமாலைபோலக் கலங்கள் தொடர்ந்திருக்கக் காணலாம். ஏறத்தாழப் பத்துக் கலங்களுக்கு ஒன்றாக, தடித்த சுவரும் வெளிறிய நிறமும் கொண்ட வேற்றுருக்கலம் ஒன்று இடையிடையே நிற்கும். ஆங்கில நூல்கள் இதனை ஹெற்றரோசிஸ்ற் என்று வழங்கும். அமோனியா கிடைக்கும் நீரில் இக்கலங்கள் தோன்றுவதில்லை என்பதை ஜி. ஈ. ஃபொக் 1949இல் எடுத்துக்காட்டினார். நைதரசன் பதிக்கப்படும் இடமே இதுதானோ என்ற வினாவை அவரும் பீற்றர் ஃபே முதலிய தோழரும் 1968இல் வெளிப்படையாக எழுப்பினர். உடன்பாடாகவும் எதிராகவும் சான்றுகள் குவிந்தன. அந்த விவாதத்தின் நடுவிலேதான், குலசூரியவும் நோமா லாங், பீற்றர் ஃபே ஆகிய இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1972இல் இங்கிலாந்தின் றோயல் சங்க வெளியீட்டில் வந்தது. வேற்றுருக்கலம் படிப்படியாக உருவாகி முதிர்வதையும் நைதரசனேசு தொழிற்படத் தொடங்குவதையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த கட்டுரை அது.

இன்று நாம் அறிவது இதுதான்: வேற்றுருக்கலமாக மாறும் கலம், தன் ஒளித்தொகுப்பில் ஒட்சிசனை வெளிவிடும் பகுதியைக் கைவிட்டுவிடுகின்றது. வெளியிலிருந்து ஒட்சிசன் புகாவண்ணம் கொழுப்புப் பொருள் கலந்த தடித்த சுவரை எழுப்பிக்கொள்கின்றது. அயற்கலங்கள் வெல்லம் ஊட்டுகின்றன. அது பதிலுக்கு நைதரசனை ஊட்டுகின்றது. அக்கலம் இனிப் பிரிந்து பெருகுவதில்லை.

இத்தகைய ஆராய்ச்சி செல்வநாடுகளின் தனியுடைமையாக இல்லாமற் போனதற்கு ஒரு கண்டுபிடிப்பை இங்கே சொல்லியாகவேண்டும். முன்னாளில் பதிக்கப்பட்ட நைதரசனை அளப்பதற்கு அதன் பாரமான சமதானியும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். 1966ஆம் ஆண்டளவில், நைதரசனேசு அசற்றிலீன் வாயுவையும் பற்றி அதனை எதிலீனாக மாற்றும் என்பது தெரியவந்தது. அசற்றிலீன், காபைட்டுக் கல்லில் நீர் பட்டால் எழும் வாயு. எதிலீன், பழங்களைக் கனியவைக்கும் வாயு. பாசியை ஒரு போத்தலில் அடைத்துச் சிறிது அசற்றிலீனைச் செலுத்திச் சற்றுநேரங் கழித்து எதிலீன் எவ்வளவு என்று வாயுப் பகுப்புக் கருவியில் பார்த்துவிட்டால், நொதியம் விழித்திருக்கின்றதா உறங்குகின்றதா என்பது தெரிந்துவிடும். எளிய ஆய்வுகூடங்களிலும், ஏன், வயல் வரம்பிலுங்கூட இச்சோதனையைத் தொடங்க முடிந்தது.

குலசூரியவின் பணி ஆய்வுகூடத்தோடு நின்றிருந்தால், அது தாவரவியலாருக்கு மட்டுமே உரிய செய்தியாகியிருக்கும். அவர் வயலுக்கு வந்தார். வங்காள நெல்வயல்களின் வளத்தைக் காப்பது நீலப்பச்சைப் பாசியே என்று பி. கே. டே 1939இல் எழுதிய நாள் முதலாக, ஆசிய நாடுகளில் பாசியுரம் பற்றிய நம்பிக்கை வளர்ந்துவந்தது. அந்நம்பிக்கைக்கு எவ்வளவு அடிப்படை உண்டு? பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட நூலொன்றில், பிரெஞ்சு அறிஞர் ப. ஆ. றோஜரும் குலசூரியவும் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி எடைபோட்டனர். பாசி தரும் நைதரசன் ஒரு போகத்துக்கு எக்டயருக்குச் சராசரியாக 30 கிலோகிராம் அளவே என்பது அத்தகைய மதிப்பீடுகளிலிருந்து பெறப்படுவது. நம் உழவர் கணக்கிற் சொல்வதாயின், ஏக்கருக்கு ஏறத்தாழ அரை மூடை யூரியா.

அரை மூடை என்பது அற்பமன்று. ஆனால் அது முழு மூடையுமன்று. ஒரு தொன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோகிராம் நைதரசனை உறிஞ்சுகின்றது. எக்டயருக்கு நான்கு தொன் எதிர்பார்க்கும் வயலில் 60 முதல் 80 கிலோகிராம் வேண்டும். மண் தருவது ஒரு பங்கு, பாசி தருவது ஒரு பங்கு. எஞ்சியதை உழவனே தேடவேண்டும்.

இங்கே ஆய்வுகூடப் பாடம் வயலிலே திரும்ப வருகின்றது. அமோனியா தாராளமாகக் கிடைத்தால் பாசி வேற்றுருக்கலங்களை ஆக்குவதில்லை என்று கண்டோமல்லவா? உழவன் யூரியாவை நீரின்மேல் வீசியதும், இயற்கை தந்த அந்த அரை மூடையும் நின்றுபோகின்றது. வீசப்பட்டதிலும் பெரும்பகுதி பயிருக்குச் சேர்வதில்லை; ஒரு பங்கு ஆவியாய்ப் போகின்றது, இன்னொரு பங்கு வடிகால் வழியே வாவிக்கு இறங்குகின்றது. வாவியின் நன்னீர்ப் பகுதிகளிலும் குளங்களிலும் ஆற்றுவாழை செழித்து அடைப்பதற்கு இதுவும் துணைபோகின்றது. அதே யூரியாவைச் சேற்றினுள் ஆழமாகப் புதைத்தால் மேல்நீரிலுள்ள பாசி அதனை அறியாது. தன் தொழிலைத் தொடரும். கைவேலை கூடுதல் என்பதால் உழவர் இம்முறையை அதிகம் கைக்கொள்ளவில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்லுதல் தகாது.

அசோலா என்னும் சிறு மிதவைச் செடி இன்னொரு வழி. அதன் இலைக்குழிக்குள் அனபீனாவை ஒத்த பாசி குடியிருக்கின்றது. இந்நாட்டில் இயல்பாக வளரும் அசோலாவின் வளர்ச்சியை ஒளியும் வெப்பமும் பொசுபரசும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் குலசூரியவும் மாணாக்கரும் ஆராய்ந்தனர். பொசுபரசு குறைந்தால் அது சிவந்து தேய்ந்துபோகும். கடும் வெயிலையும் தாங்காது. ஓர் உரத்தைத் தவிர்க்க இன்னோர் உரம் வேண்டியதாயிற்று.

இக்கணக்குகள் 2021ஆம் ஆண்டில் எத்துணை விலைமதிப்புள்ளவையாயிருந்தன என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் செயற்கை உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபொழுது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போகத்தின் விளைச்சல் நாடெங்கும் கடுமையாக வீழ்ந்தது. நுண்ணுயிர்களை நம்பியது பிழையன்று. அரை மூடை தரவல்ல உயிரிடம் ஒரே போகத்தில் எல்லா மூடையையும் கேட்டதே பிழை என்பது என் துணிபு. அந்த அரை மூடைக் கணக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே அச்சாகிக் கிடந்தது. அதனை எழுதியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர்.

நெல்லே தன் நைதரசனைத் தானே பிடிக்கச் செய்யலாகாதா என்று சிலர் கேட்பர். நைதரசனேசை ஆக்கும் பரம்பரையலகுகளை ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதை றே டிக்சனும் ஜோன் போஸ்ற்கேற்றும் 1972இலேயே செய்து காட்டினர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், அத்தகைய நெல் எந்த வயலுக்கும் வந்து சேரவில்லை. ஒட்சிசனுக்கு அஞ்சும் அந்நொதியம் அவ்வளவு எளிதில் வீடு மாறுவதில்லை.

குலசூரியவின் பிற்காலப் பணி அவரை இனப் பயிர்களுக்குத் திரும்பியது. பயனும் அங்கேதான் விரைந்து கிடைத்தது. கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலிருந்து அவரும் தோழர்களும் சோயாப் பயிருக்கேற்ற றைசோபியத்தைத் தேர்ந்து விதையோடு கலக்கும் உயிருரமாக்கினர். தனியார் உணவு நிறுவனமொன்றின் துணையோடு அது சோயா உழவரைச் சென்றடைந்தது. யூரியா இடவேண்டிய இடத்தில் ஒரு சிறு பொதி போதுமாயிற்று. சோயா வந்தேறிய பயிர். தனக்குரிய பற்றீரியாவை அது எல்லா மண்ணிலும் காண்பதில்லை. நம் கச்சானுக்கும் கவுப்பிக்கும் பயற்றுக்கும் ஏற்றவை பெரும்பாலும் மண்ணிலேயே உள்ளன.

அவை தொழில் செய்கின்றனவா என்று அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. எழுவான்கரை மணலிலே பூத்து நிற்கும் கச்சான் செடியொன்றை வேரறாமல் மெல்லத் தோண்டியெடுத்து, வேரிலுள்ள முடிச்சொன்றை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் நொதியம் விழித்திருக்கின்றது. வெளிறியிருந்தால் இன்னும் தொடங்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது.