டென்ஷனில் போட்ட ஊசி பலிக்குமா?

மூன்றாமாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பரீட்சை சமயத்தில் தடுப்பூசி போட்டால் அது சரியாகப் பிடிக்காது என்று எங்கள் ஹாஸ்டலில் ஒரு பேச்சு. கொரோனா வந்தபோது சீனியர்கள் சிலர் இதைச் சொல்லித்தான் ஊசியைத் தள்ளிப்போட்டார்களாம். உண்மையா சார்?"

முதல் பாதி கொஞ்சம் உண்மை. இரண்டாம் பாதி சீனியர்களுக்கே உரிய சமாளிப்பு.

அந்தப் பேச்சுக்கு ஒரு பூர்விகம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும், அவருடைய கணவரும் நோயெதிர்ப்பு ஆய்வாளருமான ரொனால்ட் கிளேசரும் எண்பதுகளிலிருந்தே மருத்துவ மாணவர்களைச் சோதனை எலிகளாக வைத்துக் காலம் தள்ளினார்கள். காரணம் எளிது. சாவையும் விவாகரத்தையும் ஆய்வாளரால் ஏற்பாடு செய்ய முடியாது. பரீட்சை மட்டும்தான் தேதி குறித்துக்கொண்டு வருகிற கஷ்டம்.

1992-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இரண்டாமாண்டு மாணவர்கள் 48 பேருக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையாகப் போடப்பட்டது. ஒவ்வொரு தவணையும் மூன்று நாள் தேர்வின் கடைசி நாளில். முதல் ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் ஆன்ட்டிபாடி தென்பட்டது 12 பேருக்குத்தான். அவர்கள், பதற்றமும் அழுத்தமும் குறைவு என்று சொன்னவர்களின் பக்கம் இருந்தார்கள். மூன்றாவது ஊசி வாக்கில் பார்த்தால், வீட்டாரும் நண்பர்களும் நன்றாகத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு ஆன்ட்டிபாடி அளவு கூடுதலாக இருந்தது.

ஹாஸ்டல் பதிப்பில் விட்டுப்போனவை இரண்டு. பரீட்சையே இல்லாத நாளில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழு இந்த ஆய்வில் இல்லை. எல்லோருமே பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள். அடுத்து, முதல் ஊசியிலேயே பலன் காட்டாதது ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியின் சுபாவம். அதனால்தான் மூன்று தவணை. 12 பேரை வைத்து உலக நியதி எழுதக் கூடாது. பிற்பாடு, ஃப்ளூ தடுப்பூசி பற்றிய 13 ஆய்வுகளை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை, 2009-ல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மன அழுத்தம் கூடினால் ஆன்ட்டிபாடி குறைகிறது என்ற திசை நின்றது. ஆனால் மெல்லிய தொடர்புதான்.

மெல்லியதாக இருக்கட்டும். மனசில் இருக்கும் பரீட்சை பயத்துக்கும் அக்குளில் நடக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? எனக்குச் சுவை அங்கேதான்.

கையில் ஊசி போட்டால் அக்குளில் நெறி கட்டும். கொரோனா ஊசிக்குப் பிறகு இது பலருக்கும் வந்தது. மார்பக ஸ்கேன் எடுக்கும் டாக்டர்கள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, "எந்தக் கையில், எப்போது ஊசி போட்டீர்கள்?" என்று கேட்பது வழக்கமாகவே ஆனது. நெறி கட்டுவது என்றால் நிணநீர் முடிச்சுக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே ஒரு தையல் கடை நடக்கிறது, தீபாவளிக்கு முந்தைய வாரத்துக் கூட்டத்தோடு.

தடுப்பூசி என்பது அந்தக் கடையில் நீங்கள் கொடுக்கும் அளவு ஜாக்கெட். உடுத்தப்போகிற ஆள், அதாவது வைரஸ், நேரில் வர வேண்டியதில்லை. அளவு வந்தால் போதும். கடையில் உள்ள தையற்காரர்கள் பி செல்கள்; அவர்கள் தைப்பது ஆன்ட்டிபாடி. ஏதோ சுமாராகப் பொருந்துகிற மாதிரி தைக்கத் தெரிந்த சிலர் வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த கையோடு ஒருவர் இருவராகி, இருவர் நால்வராகிப் பெருகுகிறார்கள். பெருகும்போது வேண்டுமென்றே தப்புச் செய்கிறார்கள்: தோளில் கால் இஞ்ச் கூட, கையில் கால் இஞ்ச் குறைய. ஆன்ட்டிபாடியை எழுதும் மரபணுத் துண்டில் மட்டும், உடம்பின் வேறெந்த இடத்தையும்விட லட்சக்கணக்கான மடங்கு வேகத்தில் பிழை நடக்கிறது. வேறு எந்த செல்லிலாவது இப்படி நடந்தால் அதற்குப் பெயர் புற்றுநோய். இங்கே அதுவே தொழில் ரகசியம்.

தைத்ததை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் முதலாளியிடம் வரிசையில் நிற்க வேண்டும். முதலாளி, ஹெல்ப்பர் டி செல். அளவு ஜாக்கெட்டோடு யாருடையது அதிகம் ஒட்டிப்போகிறதோ அவருக்கு, "போய் இன்னும் நாலு பேராகி, இன்னும் கொஞ்சம் மாற்றித் தைத்து வா" என்று உத்தரவு. பொருந்தாதவருக்கு வேலை மட்டும் போவதில்லை, ஆளே போய்விடுவார். முதலாளியின் தலையசைப்புக் கிடைக்காத பி செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. விழுந்ததை அள்ளித் தின்பதற்கென்று கடைக்குள்ளேயே வேறு செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்படியொரு தையல் கடை திருச்சியில் இருந்தால் போலீஸ் வரும்.

சில வாரம் இப்படிப் போனபின் கடையிலிருந்து இரண்டு சரக்கு வெளியே வருகிறது. ஒன்று, மிஷினில் உட்கார்ந்து விநாடிக்கு ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளுகிற பிளாஸ்மா செல்கள். இன்னொன்று, உங்கள் அளவைக் குறித்துக்கொண்ட நோட்டுப் புத்தகம்: மெமரி செல்கள். இரண்டாம் தவணை ஏன் தடாலடியாக வேலை செய்கிறது என்றால், நோட்டு ஏற்கெனவே கடையில் இருக்கிறது.

ஒப்புமையை இந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் ஹார்மோனை வெளியே நிற்க வைக்க மனசில்லை. கார்ட்டிசால் என்பது முதலாளிக்கு வீட்டிலிருந்து வரும் போன். தினமும் விடிகாலையில் ஒரு தடவை வரும். பால் வாங்கி வரச் சொல்லி. அதனால் கடைக்கு நஷ்டமில்லை. பரீட்சை வாரத்திலோ அது விடாமல் அடிக்கிறது. கார்ட்டிசால் டி செல்லுக்குள்ளேயே நுழைந்து, ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, மரபணுக்கள் இருக்கும் அறை வரை போய், "இன்னும் பெருகு" என்று சொல்லும் இன்டர்லூகின் சமிக்ஞைகளின் உற்பத்தியைத் தணிக்கிறது. போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும் முதலாளிக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையசைக்க நேரமில்லை. கடை மூடவில்லை. டெலிவரி தேதி தள்ளிப்போகிறது.

தள்ளிப்போகிறது, ரத்தாவதில்லை என்பதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் சிலரை இரவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் சில நாள் வைத்து, நடுவில் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். பத்தாம் நாள் பார்த்தால், ஒழுங்காகத் தூங்கியவர்களுக்கு இருந்த ஆன்ட்டிபாடியில் பாதிகூட இவர்களுக்கு இல்லை. செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. மூன்று நான்கு வாரம் கழித்து வித்தியாசம் மறைந்துவிட்டது என்பது தலைப்புச் செய்திக்கு ஆகாத தகவல்.

இதற்கு நேரெதிரான ஒரு சங்கதியும் இருக்கிறது. 2020 ஏப்ரலில், உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதத்தில், பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட சீன ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுண்டெலிகளுக்குத் தடுப்பூசி போட்டு, உயரமான குட்டி மேடையில் சற்று நேரம் நிற்க வைத்தார்கள். கீழே பார்த்தால் எலிக்கு அடிவயிறு கலங்கும். அப்படிக் கலங்கிய எலிகளுக்கு ஆன்ட்டிபாடி கூடியது. மூளையில் அச்சத்தைக் கையாளும் இடத்து நரம்பணுக்கள் கிளர்ந்து, மண்ணீரலுக்குப் போகும் நரம்பு வழியாக நார்அட்ரினலின் கசிந்து, அதைக் கேட்ட டி செல் அசிட்டைல்கோலினைச் சுரந்து, அது பி செல்லைத் தட்டி பிளாஸ்மா செல்லாக மாறச் சொல்கிறது. அந்த நரம்பை வெட்டிவிட்டால் பிளாஸ்மா செல் குறைந்துபோகிறது. பயம், ஒரு கம்பி வழியாக மண்ணீரலுக்குள் இறங்குகிறது!

அதே எலியை மணிக்கணக்கில் அசையவிடாமல் அடைத்துவைத்தால் கார்ட்டிசாலின் பங்காளியான ஹார்மோன் ஏறி, நோயெதிர்ப்பு இறங்கும் என்பது பழைய சேதி. ஆகவே 'மன அழுத்தம் நோயெதிர்ப்பைக் குறைக்கும்' என்ற வாக்கியம், எவ்வளவு நேரம், எந்த மாதிரி அழுத்தம் என்று சொல்லாதவரை பாதி வாக்கியம்தான். மேடையில் நின்றது எலி என்பதையும் மறக்க வேண்டாம்; வைவாவுக்கு முன் வராந்தாவில் நின்றாலே பலன் உண்டு என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

வரலாறு இல்லாமல் சிலருக்குச் சோறு இறங்காது என்பதால் ஒரு பத்தி. உடம்பின் பொதுவான பதற்ற எதிர்வினையை 1936-ல் ஹான்ஸ் செல்யே எலிகளை வதைத்து எழுதினார். 1975-ல் ராபர்ட் ஏடரும் நிக்கோலஸ் கோஹனும் எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீரோடு நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பழக்கி, பிறகு வெறும் சாக்கரின் தண்ணீரே எதிர்ப்பைக் குறைப்பதைக் காட்டினார்கள். மூளையும் நோயெதிர்ப்பும் பேசிக்கொள்கின்றன என்பதைப் பலர் நம்ப மறுத்தார்கள். பிறகு நம்பினார்கள். போதும்.

இனி சீனியர்கள். 2020-ல் மிச்சிகன் மாநிலத்தில் 168 மருத்துவ மாணவர்களிடம் கேட்டபோது, தடுப்பூசிகளைப் பற்றிக் கிட்டத்தட்ட எல்லோரும் நல்லபடியாகவே பேசினார்கள். ஆனால் கொரோனா தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தவுடன் போட்டுக்கொள்ள மாட்டோம் என்றவர்கள் 23 சதவீதம். இந்தியாவில் 2021-ல் வெளியான ஆய்வு 22 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 1,068 மருத்துவ மாணவர்களைக் கேட்டது, தயங்கியவர்கள் 10.6 சதவீதம். அவர்கள் சொன்ன காரணங்களில் பரீட்சை இல்லை. பாதுகாப்பு பற்றிய கவலை, அவசர அவசரமாகச் சோதித்தார்கள் என்ற எண்ணம், அரசு அமைப்புகள் மேல் நம்பிக்கைக் குறைவு: இவைதான் முன்னே நின்றன.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியுமா? 2021 ஜனவரி 3 அன்று கோவேக்சினுக்கு அனுமதி கிடைத்தபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு வரவில்லை. 'கிளினிக்கல் டிரையல் மோடு' என்ற அடைமொழியோடு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கித்தான் போட்டார்கள். ஜனவரி 16 அன்று நாடு முழுக்கத் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய அன்றே, டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் பயிற்சி டாக்டர்கள் சங்கம் தங்களுக்குக் கோவிஷீல்டு வேண்டும் என்று கடிதம் எழுதியது. மூன்றாம் கட்டச் சோதனை ஏன் அவசியம் என்று வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, அது இல்லாமலே கையை நீட்டச் சொன்னால், நன்றாகப் படித்த மாணவன்தான் முதலில் கையை மடக்குவான். இடைக்கால முடிவு மார்ச் 3 அன்று வந்தது: 81 சதவீதம். அதை ஜனவரியில் காட்டியிருந்தால் அந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது என்பது என் கட்சி. அந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி 'இப்போது வேண்டாம்' என்பதே தவிர 'எப்போதும் வேண்டாம்' அல்ல. மனசும் நிணநீர் முடிச்சு மாதிரியே, தலையசைக்க ஆதாரம் கேட்டுக் காத்திருந்தது.

மன அழுத்தம்தான் இந்தத் தயக்கத்தை உண்டாக்கியது என்று காட்டும் ஆய்வுகள் அந்த இரண்டு வருடத்தில் புற்றீசலாகப் புறப்பட்டன. வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் ஃபார்ம். முதல் பக்கத்தில் "டென்ஷனாக இருக்கிறீர்களா?" இரண்டாம் பக்கத்தில் "ஊசி போடுவீர்களா?" நிரப்ப மனமுள்ளவர்கள் நிரப்பினார்கள். நோய்க்குப் பயந்தவர் ஊசியைத் தேடி ஓடலாம். எல்லாவற்றுக்கும் பயந்தவர் ஊசிக்கும் பயப்படலாம். ஒரே ஒரு நாள் நிரப்பிய படிவத்தை வைத்து எது முதலில் வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

அழுத்தம் இல்லாமலில்லை. 2021 ஏப்ரல் 18-க்குக் குறித்திருந்த நீட் முதுநிலைத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். மே 3 அன்று, ஹவுஸ் சர்ஜன்களைக் கோவிட் பணிக்கு அனுப்பலாம், இறுதியாண்டு மாணவர்களை மூத்தவர்கள் மேற்பார்வையில் லேசான நோயாளிகளைப் பார்க்கவும் போனில் ஆலோசனை சொல்லவும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. தேர்வு நடந்தது செப்டம்பர் 11 அன்று. ஐந்து மாதம் புத்தகம் ஒரு கையில், பி.பி.இ. கிட் இன்னொரு கையில். போன் விடாமல் அடித்த காலம் அது.

அந்தக் காலத்தில்தான் 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று அச்சடித்த பொடி, பானம், பிஸ்கட் எல்லாம் வந்து, கடைசியில் அழுத்தம் குறைக்கும் ஆப்களும் சேர்ந்துகொண்டன. ஊசிக்கு முன் பத்து நிமிடம் மூச்சை இழுத்துவிட்டால் ஆன்ட்டிபாடி எகிறும் என்கிறவரிடம், எத்தனை பேரிடம், எத்தனை வாரம் கழித்து அளந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். போதும், பேச்சை மாற்றுவார். தவணை தேதி வந்தால், பரீட்சை இருந்தாலும் போட்டுக்கொள்வதே லாபம்; தாமதமாக வரும் ஆன்ட்டிபாடி, போடாத ஊசியின் ஆன்ட்டிபாடியைவிட எப்போதும் அதிகம். மருத்துவக் கல்லூரி நிர்வாகங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஊசி போட்டுக்கொண்டவரை அன்றிரவு டியூட்டிக்குக் கூப்பிடாமல் தூங்கவிடுவது. ஹவுஸ் சர்ஜனுக்குத் தியான ஆப் வாங்கிக் கொடுப்பது மலிவு. டியூட்டி ஆஃப் கொடுக்கத்தான் கூடுதலாக ஆள் போட வேண்டியிருக்கும்.