இரண்டு ஏ.டி.எச்.டி. மாத்திரைகளைச் சேர்த்துப் போடலாமா?

தேர்வு வாரத்தில் பினாங்கு நாசி கண்டார் கடைக்குள் நள்ளிரவில் நுழைந்தால், லேப்டாப்பும் தே தாரேக்குமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "காலையில போட்ட கொன்செர்ட்டா இறங்கிடுச்சு, உன்கிட்ட ரிட்டாலின் இருக்கா?" என்று அதில் ஒருவர் கேட்டால்? அவருக்கு அது பேனா இரவல் கேட்கிற மாதிரிதான். கொடுப்பதற்கு முன் சில விஷயங்கள்.

இரண்டும் வேறு வேறு மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டிலும் இருப்பது மெத்தில்ஃபெனிடேட்தான். வேறுபாடு அது வெளியாகும் வேகத்தில். சாதாரண ரிட்டாலின் 3 முதல் 4 மணி நேரம் வேலை செய்யும். கொன்செர்ட்டா சுமார் 12 மணி நேரம். கொன்செர்ட்டாவின் மேல்பூச்சில் உள்ள மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். மிச்சத்தை உள்ளே ஒரு சின்ன பம்ப் போன்ற அமைப்பு மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. (காலிக் கூடு மலத்தில் அப்படியே வெளியே வரும், பயந்துவிடாதீர்கள்.)

அப்போ சேர்த்துப் போடவே கூடாதா? மருத்துவர் சொன்னால் போடலாம். காலையில் நீண்டநேர மாத்திரை, மதியத்துக்குப் பிறகு சிறிய அளவில் குறுகியநேர மாத்திரை என்று சிலருக்கு எழுதித் தருவது உண்டு. ஆனால் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, குடும்பத்தில் இதய நோய் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் தருவார்கள். நண்பரின் மாத்திரை அட்டை இதில் எதையும் பார்ப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து கசின் கொண்டுவரும் அடெரால் வேறு கதை. அதில் இருப்பது ஆம்ஃபெட்டமின். மெத்தில்ஃபெனிடேட், மூளையில் டோபமினும் நோரட்ரினலினும் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமினோ அவற்றைக் கூடுதலாக வெளியே தள்ளவும் செய்கிறது. ஒன்று தொட்டியின் வடிகாலை அடைக்கிறது, மற்றது குழாயையும் திறந்துவிடுகிறது. சேர்த்துப் போட்டால் கவனம் இரட்டிப்பாகாது, இதயத்தின் சுமைதான் ஏறும்.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் மெத்தில்ஃபெனிடேட் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. ஆம்ஃபெட்டமின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ். 'ஃபிரண்டுக்குத்தான் கொடுத்தேன்' என்பது அங்கே எடுபடாது.

நாம் மருந்தென்றே கணக்கில் எடுக்காதவையும் உண்டு: எனர்ஜி டிரிங்க், மூன்றாவது கிளாஸ் கோப்பி ஓ, சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை. இவையும் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். எம்.ஏ.ஓ.ஐ. வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்தி 14 நாள் ஆகும்வரை இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

நெஞ்சு வலி, அடங்காத படபடப்பு, உடல் கொதிப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு என எது வந்தாலும் உடனே 999. அறிகுறி இல்லை, ஆனால் கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்றால் தேசிய நச்சு மையத்தை அழையுங்கள்: 1-800-88-8099. மையம் நம்ம பினாங்கு யு.எஸ்.எம். வளாகத்தில்தான் இருக்கிறது. பேசும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, கூடவே வேறென்ன குடித்தீர்கள் என்று கேட்பார்கள்.