லேண்டிங் கியர் பராமரிப்பு: விதிகளும் அவற்றின் பின்னுள்ள விபத்துகளும்

தரையில் நிற்கும்போது விமானத்தின் முழு எடையையும் தாங்குவது, இறங்கும் கணத்தில் ஓடுதளத்தோடு ஏற்படும் மோதலை உள்வாங்கிக்கொள்வது, மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த எடையைப் பிரேக் பிடித்து நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகளையும் செய்வது லேண்டிங் கியர் எனப்படும் சக்கர அமைப்பு. இறக்கையிலோ உடற்பகுதியிலோ ஒரு பாகத்தில் விரிசல் கண்டால் அருகிலுள்ள பாகங்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் அவை பொதுவாக வடிவமைக்கப்படுகின்றன. லேண்டிங் கியரின் முதன்மையான உருளை முறிந்தாலோ அதன் சுமையை ஏற்க வேறொன்று இல்லை. இதனால் அதன் பெரும்பாலான பாகங்களுக்கு, இத்தனை முறை இறங்கிய பின் எவ்வளவு நல்ல நிலையில் தோன்றினாலும் கழற்றி அகற்றிவிட வேண்டும் என்ற நிலையான ஆயுள் வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. இதே அமைப்பில்தான் அழுத்தப்பட்ட நைட்ரஜன், உயர் அழுத்த ஹைட்ராலிக் திரவம், காற்றழுத்தம் மிகுந்த டயர்கள், சூடேறிய பிரேக் தட்டுகள் என ஒரு மனிதரை நொடியில் கொல்லக்கூடிய ஆற்றல்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இதன் பராமரிப்புக்கான பாதுகாப்பு விதிகள் விமானத்தில் பறக்கப்போகிறவர்களையும், விமானத்தின் அடியில் நின்று வேலை செய்கிறவர்களையும் ஒருசேரக் காக்க வேண்டியிருக்கிறது.

அந்த விதிகளில் மிக எளியதும் அடிப்படையானதும் லாக்-பின் பொருத்துவது. கீழிறக்கப்பட்ட கியரை மடங்காமல் பிடித்து நிறுத்துவது இரண்டு துண்டுகளாலான ஒரு மடக்குப் பட்டை. முழங்காலை நேராக நீட்டி நிற்கும்போது காலில் தசை இறுக்கம் அதிகம் தேவைப்படாததைப் போல, இந்தப் பட்டை நேர்கோட்டைச் சற்றே தாண்டி நிலைகொண்டுவிட்டால் சுமை கூடக் கூட அது மேலும் இறுகுமே தவிர மடங்காது. ஆனால் விமானி அறையில் உள்ள நெம்புகோலை மேலே தள்ளி ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்தால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும்; அப்படித் திறக்க முடியாதபடி பட்டையின் துளையில் செருகப்படும் உலோகத் தண்டுதான் லாக்-பின். அதன் முனையில் தொங்கும் நீளமான சிவப்புத் துணி, புறப்படுவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. கழற்ற மறந்தால் சக்கரங்கள் மடங்காமல் விமானம் திரும்பி வந்து இறங்க நேரும்.

2021 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் சரக்கு ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 787-8 விமானம் ஒன்று, நின்ற இடத்திலேயே மூக்குச் சக்கரம் மடங்கி முகம் குப்புற விழுந்தது. ஒரு கோளாறுச் செய்தியை நீக்குவதற்காகக் கியர் நெம்புகோலை மேலும் கீழும் இயக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எல்லாக் கியர்களிலும் லாக்-பின் பொருத்த வேண்டும் என்ற நடைமுறை பின்பற்றப்படவே செய்தது. பொறுப்பில் இருந்த பொறியாளருக்கு மூக்குச் சக்கரப் பட்டையின் துளை கைக்கு எட்டாததால் அவர் கீழிருந்து இடத்தைச் சுட்டிக்காட்ட, மற்றொரு தொழில்நுட்பர் ஏறி நின்று தண்டைச் செருகினார். சரியான துளைக்கு மிக அருகிலேயே பட்டையின் மூட்டு அச்சுக்குள் இன்னொரு துளை இருந்தது. தண்டு அதற்குள் சென்று, பார்ப்பதற்குப் பொருத்தப்பட்டதுபோலவே நின்றது. நெம்புகோல் மேலே நகர்த்தப்பட்டபோது, சரியாகப் பூட்டப்பட்டிருந்த முதன்மைக் கியர்கள் அசையவில்லை, மூக்குக் கியர் மட்டும் மடங்கியது. இருவர் சிறு காயங்களோடு தப்பினர்.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது பணியாளரின் தவறை விட, அந்தத் தவறு முன்பே அறியப்பட்டிருந்தது என்பதே. தண்டு தவறான துளையில் செல்லக்கூடும் என்பதை உணர்ந்த அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், அந்த இரண்டாவது துளையை ஒரு சிறிய செருகுதுண்டால் அடைத்துவிட வேண்டும் என்ற கட்டாய ஆணையை ஏற்கெனவே பிறப்பித்திருந்தது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த ஆணையை நிறைவேற்றக் கொடுக்கப்பட்ட கால அவகாசம் 36 மாதங்கள். ஹீத்ரோவில் விழுந்த விமானத்தில் அந்த வேலை இன்னும் செய்யப்பட்டிருக்கவில்லை, விதிப்படி அதில் பிழையும் இல்லை. உற்றுப் பார்த்துச் செருகுங்கள் என்ற அறிவுறுத்தலை எத்தனை முறை எழுதினாலும், தவறான துளை திறந்திருக்கும் வரை இரவுப் பணியின் களைப்பும் அவசரமும் அதைக் கண்டுபிடித்துவிடும். தவறு செய்யவே இயலாதபடி வடிவமைப்பை மாற்றும் விதி, கவனத்தைக் கோரும் விதியை விடப் பல மடங்கு வலிமையானது. அத்தகைய ஒரு சிறிய மாற்றத்துக்கு மூன்று ஆண்டுகள் என்பது மிக நீண்ட அவகாசம்.

விமானத்தின் அடியில் வேலை செய்கிறவர்களுக்குக் கியரைப் போலவே ஆபத்தானவை அது மடங்கிச் செல்லும் அறையின் கதவுகள். பயணிகள் விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்பு பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் இயங்குகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ380 போன்றவற்றில் அது 5,000 பவுண்டு. அந்த விசையில் மூடும் கதவு, நடுவில் இருப்பது உலோகமா உடலா என்று பார்ப்பதில்லை. 2019 ஜூலையில் கொல்கத்தா விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பின் ஒரு கியூ400 விமானத்தின் வலது முதன்மைக் கியர் அறையில் வேலை செய்துகொண்டிருந்த இளம் தொழில்நுட்பர் ஒருவர், கதவு திடீரென மூடிக்கொண்டதில் சிக்கி உயிரிழந்தார். கதவை உடைத்துத்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. கதவு மூடாதபடி அதன் இயக்குதண்டின்மேல் பாதுகாப்பு உறையைப் பொருத்துவது, ஹைட்ராலிக் அழுத்தத்தை முழுவதுமாக வெளியேற்றுவது, நெம்புகோலில் எச்சரிக்கைப் பலகையைக் கட்டுவது, அழுத்தம் மீண்டும் கொடுக்கும் முன் கியர் அறையில் எவரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்வது ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, நான்குமே தேவை.

கியரை மடக்கி விரித்துச் சோதிக்கும்போது விமானம் ஜாக்கிகளின்மேல் தூக்கி நிறுத்தப்படுகிறது. காற்றின் வேகம், எரிபொருளின் பகிர்வு, தரையின் உறுதி ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரின் கையேடு வரம்புகளை வகுத்திருக்கிறது. ஜாக்கியின் தண்டு உயர உயர அதன் மரைவளையத்தையும் உடனுக்குடன் திருகி இறக்கிக்கொண்டே வர வேண்டும். திரவம் கசிந்து அழுத்தம் குறைந்தாலும் விமானம் அந்த வளையத்தின்மேல் அமர்ந்து நிற்கும்.

டயர்களைப் பற்றிய விதிகள் தனியாகவே விளக்கத்தக்கவை. நடுத்தரப் பயணிகள் விமானத்தின் முதன்மை டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 பவுண்டு அழுத்தம் இருக்கும். கார் டயரில் அது 30 பவுண்டைச் சற்றே தாண்டும். சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு நீண்ட போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதால், காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் இரு பாதிகளும் வெடித்துச் சிதறும். புதிதாகப் பொருத்திய டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே நிரப்ப வேண்டும் என்பதும், பிரேக் சூடாக இருக்கும் சக்கரத்தைப் பக்கவாட்டிலிருந்து அணுகாமல் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டும் அணுக வேண்டும் என்பதும் இதே காரணத்தால் வந்தவை. வெப்பம் வரம்பைத் தாண்டினால் தாமே உருகி அழுத்தத்தை மெல்ல வெளியேற்றும் அடைப்பான்கள் சக்கரத்தில் உள்ளன.

ஆனால் அந்த அடைப்பான்களாலும் தடுக்க முடியாத ஒன்று 1986 மார்ச் 31 அன்று நடந்தது. மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727, மிச்சோகான் மாநிலத்தின் மரவத்தியோ அருகே மலையில் விழுந்து அதிலிருந்த 167 பேரும் இறந்தனர். பிரேக் ஒன்று விடுபடாமல் உரசியதில் சூடேறிய டயர், மடங்கிய நிலையில் கியர் அறைக்குள் வெடித்து எரிபொருள், ஹைட்ராலிக் குழாய்களைச் சிதைத்தது. அந்த டயரில் நிரப்பப்பட்டிருந்தது நைட்ரஜன் அல்ல, சாதாரணக் காற்று. மிகுந்த வெப்பத்தில் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகிறது. உள்ளே ஆக்சிஜனும் இருந்தால் கலவை தானே பற்றி, அடைப்பான் உருகுவதற்குள் வெடித்துவிடும். இதன் பிறகு பெரிய விமானங்களின் டயர்களில் நைட்ரஜன் போன்ற வினைபுரியாத வாயுவே நிரப்பப்பட வேண்டும், ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதியாயிற்று. உலக நடைமுறையும் இன்று அதுவே.

கண்ணுக்குத் தெரியும் இந்த ஆபத்துகளை விடக் கடினமானது உலோகத்துக்குள் மறைந்து வளரும் ஆபத்து. முதன்மை உருளையும் அச்சுகளும் பெரும்பாலும் 300எம் எனப்படும் அதிவலிமை எஃகால் ஆனவை; சாதாரணக் கட்டுமான எஃகை விட இதன் இழுவலிமை ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த வலிமைக்கு விலையும் உண்டு: இத்தகைய எஃகு, மிகச் சிறிய விரிசலையும் நெடுநாள் பொறுத்துக்கொள்ளாது, துருவையும் ஹைட்ரஜனையும் தாங்காது. துருவிலிருந்து காக்க அதன்மேல் காட்மியம் பூசப்படுகிறது. பூச்சுத் தொட்டியிலேயே எஃகுக்குள் புகுந்துவிடும் ஹைட்ரஜன் அணுக்கள் அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும் என்பதால், பூசி முடித்த சில மணி நேரத்துக்குள் பாகத்தைச் சுமார் 190 டிகிரி செல்சியஸில் 23 மணி நேரம் சூடாக்கி அவற்றை வெளியேற்ற வேண்டும். அடுப்பில் வைக்கத் தாமதமானாலோ நேரம் குறைந்தாலோ பாகத்தின் தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. பணிமனைகளில் ஒவ்வொரு பாகத்துக்கும் அடுப்பின் நேரப்பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

பெரும்பாலான பயணிகள் விமானங்களின் கியர் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையோ, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இறக்கங்களுக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது, முழுவதும் கழற்றப்பட்டு வண்ணமும் பூச்சும் நீக்கிச் சோதிக்கப்படுகிறது. இந்தக் கால வரம்பைத் தளர்த்துவதன் விளைவை 2016 அக்டோபர் 28 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் இறங்கிய ஃபெடெக்ஸ் எம்டி-10 சரக்கு விமானம் காட்டியது. இடது முதன்மைக் கியர் முறிந்து விமானம் தீப்பிடித்தது. விமானிகள் இருவரும் தப்பினர். காட்மியப் பூச்சு இல்லாத ஓரிடத்தில் உண்டான துருக்குழியிலிருந்து களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் சிறிது சிறிதாக நீளும் விரிசல், வளர்ந்திருந்தது. உற்பத்தியாளர் பரிந்துரைத்ததை விட நீண்ட இடைவெளியை, போதிய தரவும் ஆய்வும் இல்லாமல் நிறுவனம் கடைப்பிடித்ததும் முறிவுக்குத் துணைக்காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது.

ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் கியூ400 விமானங்கள் 2007 செப்டம்பரில் ஆல்போர்க்கிலும் வில்னியசிலும், அக்டோபரில் கோபன்ஹேகனிலும் கியர் கோளாறால் விபத்துக்குள்ளாயின. ஆல்போர்க் விபத்தில் கியரை இயக்கும் தண்டின் மரைப் பகுதி துருப்பிடித்துத் தண்டு தனியே கழன்றிருந்தது. கோபன்ஹேகனிலோ காரணம் முற்றிலும் வேறு. அங்கே இயக்குதண்டுக்குத் திரவம் செல்லும் வால்வின் சிறிய துளையை, எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு ரப்பர் ஓ-ரிங் அடைத்திருந்தது. ஹைட்ராலிக் குழாயைக் கழற்றிய மறுகணமே இரு முனைகளையும் மூடி போட்டு அடைக்க வேண்டும், பழைய ஓ-ரிங்குகளை எண்ணி அப்புறப்படுத்த வேண்டும் என்ற, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் விதிகளின் அருமை இங்கே தெரிகிறது. ஒரே மாதிரி விமானத்தில் அடுத்தடுத்து நேர்ந்த கோளாறுகளுக்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று முடிவுகட்டியிருந்தால் அந்த வளையம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

இவை அனைத்தும் இறுதியில் வந்து நிற்கும் இடம் ஒரு கையெழுத்து. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், பறத்தலின் பாதுகாப்பைக் கெடுக்கும் எந்தக் குறையும் தன் அறிவுக்கு எட்டியவரை இல்லை என்ற நிலையில்தான் விமானத்தைப் பணிக்கு விடுவிக்கும் சான்றிதழில் கையெழுத்திடலாம். ஐரோப்பிய விதிகளும் இதையே சொல்கின்றன. புறப்பாட்டு நேரத்துக்குப் பொறுப்பானவர் அந்தக் கையெழுத்தை வற்புறுத்த முடியாதிருப்பது, மேற்சொன்ன எந்தக் கருவியையும் விட முக்கியமானது. 1991 ஜூலை 11 அன்று ஜெத்தாவிலிருந்து ஹஜ் பயணிகளை நைஜீரியாவின் சோகோட்டோவுக்கு ஏற்றிச்சென்ற டிசி-8 விமானத்தின் இரண்டு டயர்களில் அழுத்தம் குறைவாக இருந்தது பணியாளர்களுக்குச் சில நாள் முன்பே தெரிந்திருந்தது. நைட்ரஜன் உடனே கிடைக்கவில்லை. தாமதத்தை விரும்பாத திட்ட மேலாளர் விமானத்தை அனுப்பிவிட முடிவுசெய்தார். ஓடுதளத்தை நோக்கிச் சென்றபோது காற்றுக் குறைந்த டயரின் சுமை அதே அச்சிலிருந்த அடுத்த டயரின்மேல் ஏற, அது சூடேறிப் புறப்பாட்டு ஓட்டத்தின் தொடக்கத்திலேயே சிதைந்தது. இரண்டாவது டயரும் போன பின் சக்கரம் தரையில் உரசித் தீப்பற்றியது. எரியும் கியரை விமானிகள் அறியாமல் உள்ளே மடக்கினர். தீ உடற்பகுதிக்குள் பரவி, திரும்பி இறங்க முயன்ற விமானம் ஓடுதளத்தை எட்டாமல் விழுந்து 261 பேரும் மாண்டனர். அழுத்தம் குறைந்த ஒரு டயரோடு அதே அச்சில் உள்ள டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும் என்று டயர் உற்பத்தியாளர்களின் வழிகாட்டிகள் இன்று வகுத்திருக்கும் வரம்பு, முறையான அழுத்தத்தில் 80 சதவீதம். இறங்கி இரண்டு மணி நேரமாவது ஆறிய பிறகு எடுத்த அளவே அதற்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது.