உங்களுக்குத் தெரியுமா? காசல்ரீ நீரும் பொகவந்தலாவைக் கல்லறையும்
இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் கெசல்கமுவ ஓயாவின் நீரைத் தேக்கும் காசல்ரீ, பயணிகளால் ஏரி எனப்பட்டாலும், உண்மையில் நீர்மின் உற்பத்திக்காக 1965இல் நிறைவுற்ற அணையின் நீர்த்தேக்கமாகும். அதன் அருகே தோட்டத்துரைமாருக்கென எழுந்த பங்களாக்கள் சில இன்று விடுதிகளாகி மேலைநாட்டு விருந்து பரிமாற, மலையகத்தின் அடையாள உணவோ, லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில் கோதுமை மாவில் தடிப்பாகச் சுட்டு, தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பலுடன் உண்ணப்படும் ரொட்டியே. இதே பள்ளத்தாக்கில், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளாகத்தில், ஒளிப்படத்தைக் கலையாக உயர்த்திய முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவால் இலங்கை வரலாற்றில் அறியப்படும் தம் கணவர் சார்ல்ஸ் ஹே கமரனுடன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஜூலியா மறைந்த ஆண்டு 1879.