ஆய்க்குடியும் ஆகாய விமானமும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் அருவியாடப் போகிறவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள ஆய்க்குடிக்குப் போய்ப் பார்த்து வருகிறவர்கள் அவர்களில் மிகச் சிலரே. முருகன் கோயிலும் வயல்வெளியும் மேற்கே மலைத்தொடரும் கொண்ட அந்த ஊரில், 1981ஆம் வருஷத்தில் அமர் சேவா சங்கம் என்னும் ஸ்தாபனம் தோன்றியது. அதைத் தோற்றுவித்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன், 1975ஆம் வருஷத்தில் என்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, கடற்படை உத்தியோகத்துக்கான தேர்வில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுக் கைகால்கள் செயலற்றுப் போனவர். தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு அவர் இட்டார். 2020ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

இன்று அந்தச் சங்கத்தின் வெளியில் நின்று பார்த்தால், சக்கர நாற்காலிகள் வருவதும் போவதும் மற்ற ஊர்களில் சைக்கிள்கள் போவது போலச் சகஜமாயிருக்கின்றன. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவரும் "ஐயோ பாவம்" என்பதுமில்லை. அந்த நாற்காலி ஆகாய விமான நிலையத்தின் வாசலுக்குப் போனவுடன்தான் தொல்லை ஆரம்பமாகிறது. விமானப் பிரயாணத்தில் பாட்டரிகளைக் கொண்டு செல்வதற்கான விதிகளைப் பற்றி நாம் இன்று எழுதப் புகுந்ததற்குக் காரணம் இதுதான்.

பாட்டரி விதி என்றதும் நேயர்கள் செல்போனையும் பவர் பாங்கையும் நினைப்பார்கள். அவற்றைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செல்போனைப் பறிகொடுத்தவனுக்குப் போவது ஒரு பொருள். நாற்காலியின் பாட்டரியைப் பறிகொடுத்தவனுக்குப் போவது கால்.

சென்ற வருஷம் நமக்கு அறிமுகமான தென்காசிப் பக்கத்து வாலிபர் ஒருவர், உத்தியோக விஷயமான ஒரு நேர்முகப் பேட்டிக்காக டில்லிக்குப் புறப்பட்டார். மின்சாரச் சக்கர நாற்காலியில் இயங்குபவர். நாற்காலியின் ஆசனத்துக்குக் கீழே திருகாணி போட்டு முடுக்கிய இரண்டு ஈய-அமில பாட்டரிகள். மூடி முத்திரையிட்டவை, ஒரு சொட்டும் வெளியே சிந்தாதவை. விமான நிலையத்தில் முதல் உத்தியோகஸ்தர் பாட்டரியைக் கழற்றச் சொன்னார். இரண்டாமவர், கழற்றியதைக் கையில் கொண்டு போக வேண்டுமென்றார். மூன்றாமவர் வந்து, 160 வாட்-மணிக்கு மேற்பட்டதைக் கையில் கொண்டு போகவே கூடாதென்றார். நாற்பது நிமிஷம் வாதம் நடந்தது. கடைசியில், சாவி கிடைக்காமல் யாரோ கம்பிகளைக் கத்தரித்து, நாற்காலியை ஏற்றியனுப்பினார்கள். டில்லியில் இறங்கியபோது நாற்காலி வந்திருந்தது, ஓடவில்லை. பேட்டிக்கு வேறொருவர் தள்ளிக்கொண்டு போகப் போய்ச் சேர்ந்தார். எந்த நிலையம், எந்தக் கம்பெனி என்று நாம் எழுதப் போவதில்லை. அந்த மூவரில் எவரும் கெட்ட மனிதரல்லர் என்று அந்த வாலிபரே நம்மிடம் சொன்னார். மூவரும் ஒரு விதியைத்தான் சொன்னார்கள். அது அந்த நாற்காலிக்கு உரிய விதியல்ல, அவ்வளவுதான்.

விதிதான் என்ன? அபாயமான பொருள்களை விமானத்தில் ஏற்றுவதற்கு நம் நாட்டில் கட்டுப்பாடு புதிதல்ல. 1937ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே வெடிமருந்துக்கும் ஆயுதத்துக்கும் தடை இருந்தது. 2003ஆம் வருஷத்தில் அபாயப் பொருள்களுக்கெனத் தனி விதிகள் செய்யப்பட்டன. சர்வதேச சிவில் விமான ஸ்தாபனம் வகுக்கும் தொழில்முறைக் குறிப்புகளையே உலகமெங்கும் விமானக் கம்பெனிகள் ஒட்டி நடக்கின்றன. இன்று அந்தக் குறிப்புகளில் பிரயாணிகளை அதிகமாகத் தொடுவது லிதியம் பாட்டரி.

லிதியம்-அயான் பாட்டரி 1991ஆம் வருஷத்தில் கடைக்கு வந்தது. அதைக் கண்டு வளர்த்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ஆம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது. எடை சிறிது, சக்தி பெரிது; அதுவே அதன் பெருமையும் அபாயமும். அடிபட்டாலோ, உற்பத்தியில் குறையிருந்தாலோ, முனைகள் இரண்டும் ஒரு உலோகத்தில் பட்டாலோ, உள்ளே ஒரு செல் சூடேறுகிறது. அந்தச் சூடு அடுத்த செல்லைச் சூடேற்றுகிறது. பிறகு அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நெருப்பு. சரக்கறையில் ஹாலான் வாயு ஜ்வாலையை அடக்கலாம். செல்லுக்குள் மூளும் உஷ்ணத்தை அது தணிப்பதில்லை. பிரயாணிகள் அமரும் அறையிலோ கண்ணுக்குத் தெரிகிற நெருப்பின்மேல் தண்ணீரைக் கொட்டிக் குளிரச் செய்யச் சிப்பந்திகள் இருக்கிறார்கள். உதிரி பாட்டரியைப் பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பாதே, கையோடு கொண்டு வா என்ற விதியின் நியாயம் இதுதான். முதன்முறை கேட்கிறவனுக்கு, "அபாயமானதை என் மடியிலா வைத்துக்கொள்ளச் சொல்கிறாய்?" என்று தோன்றும். ஆம், மடியில்தான்.

இது வெறும் பயமல்ல. 2010ஆம் வருஷம் செப்டம்பர் 3ஆம் தேதி துபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ். கம்பெனியின் சரக்கு விமானத்தில் தீ மூண்டு, விமானிகள் இருவரும் மாண்டார்கள். அதில் லிதியம் பாட்டரிகள் ஏராளமாக ஏற்றப்பட்டிருந்தன. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களின் சொந்த பாட்டரியே எரிந்து, ஏர் இந்தியாவின் விமானங்கள் உட்பட உலகெங்கும் அவ்வகை விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. 2016 ஏப்ரல் 1 முதல் லிதியம்-அயான் பாட்டரிகளைத் தனிச் சரக்காகப் பிரயாணி விமானத்தில் ஏற்றுவது நின்றது. 2025 ஜனவரி 28ஆம் தேதி தென் கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானமொன்று புறப்படுமுன் எரிந்தது. உள்ளிருந்த 176 பேரும் உயிர் தப்பினார்கள். மேலறையில் வைத்திருந்த பவர் பாங்கின்மேல் விசாரணையின் சந்தேகம் விழுந்தது. அதே வருஷம் அக்டோபரில் டில்லியிலிருந்து திமாப்பூர் செல்லவிருந்த விமானத்திலும், ஓடுபாதைக்கு நகருகையில், ஒரு பிரயாணியின் பவர் பாங்க் தீப்பற்றியது, சிப்பந்திகள் அணைத்தார்கள். இதன் பின்னரே நமது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகா, பவர் பாங்கைக் கைச்சாமானில் மட்டும் வைக்க வேண்டும், மேலறையில் போடலாகாது, விமானத்தில் அதைக் கொண்டு சார்ஜ் செய்யலாகாது என்று உத்தரவிட்டது.

பவர் பாங்க் வைத்திருக்கும் நேயர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பாங்க், 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. 100 வாட்-மணி வரையில் தடையில்லை. 100க்கு மேல் 160 வரையில் கம்பெனியின் சம்மதம் வேண்டும், அதுவும் உதிரியானால் இரண்டுக்கு மேற்படாமல். 160க்கு மேல் சாதாரணப் பிரயாணிக்கு இடமேயில்லை. எழுத்தழிந்து அளவு தெரியாத பவர் பாங்கை வாசலிலேயே வாங்கிப் போட்டுவிட்டால் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

ஆனால் இந்த 160 என்னும் எண் செல்போனுக்கும் காமிராவுக்கும் உள்ள எண். நடக்க இயலாதவரின் நாற்காலிக்கு விதியே வேறு. நமது வாலிபரின் கம்பிகள் அறுபட்டது இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான். சிந்தாத ஈய-அமில பாட்டரி நாற்காலியில் உறுதியாகப் பொருத்தப்பட்டு, முனைகள் காப்பிடப்பட்டு, மின்னோட்டம் துண்டிக்கப்பட்டிருந்தால், அது நாற்காலியிலேயே இருக்கலாம். கழற்ற வேண்டியதில்லை, வாட்-மணிக் கணக்கும் இல்லை. சிந்தும் திராவகமுள்ள பாட்டரியானாலும், நாற்காலியை நிமிர்த்தியபடியே ஏற்றி இறக்க முடியுமானால் ஏற்றலாம். முடியாதபோதுதான் பாட்டரியைக் கழற்றிக் கசியாத பெட்டியில் வைக்க வேண்டும். லிதியம் பாட்டரியானால், நாற்காலியே அதற்குப் போதிய காப்பாக இருக்கும் பட்சத்தில் அதுவும் அங்கேயே இருக்கலாம். அப்போதும் அளவுக்கு வரம்பில்லை. மடக்கு நாற்காலிகளைப் போலக் காப்புப் போதாதவற்றில்தான் பாட்டரியைக் கழற்றி, முனைகளை மூடி, பிரயாணியோடு உள்ளே கொண்டு செல்ல வேண்டும்; அப்போது வரம்பு 300 வாட்-மணி. உதிரியாக 300க்குட்பட்டது ஒன்றோ, 160க்குட்பட்டது இரண்டோ கொண்டு போகலாம்.

இதிலுள்ள ஒரு விசித்திரத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லிதியம் பாட்டரி 480 வாட்-மணியாகும். கனத்த நாற்காலிக்குள் மூடிப் பொருத்தியிருந்தால் அது தாராளமாகப் பறக்கலாம். அதே பாட்டரியை எளிதாகக் கழற்றும்படி லேசான நாற்காலியில் மாட்டியிருந்தால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். நாற்காலி வாங்குகிறவரிடம் விற்கிறவர் இதைச் சொல்கிறாரா? நாம் கேட்ட வரையில் எவரும் சொன்னதில்லை. தசை நலிவினாலும் முதுகுத் தண்டு அடியினாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக சர்க்கார் பாட்டரி நாற்காலிகளை இலவசமாகக் கொடுத்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் போன்ற லிதியம் சாதனங்களும் 2020ஆம் வருஷத்திலிருந்து வந்திருக்கின்றன. இவற்றிலெல்லாம் பாட்டரியின் ஜாதி என்ன, வோல்ட் என்ன, ஆம்பியர்-மணி என்ன, கழற்றுவதா கழற்றாததா என்று நான்கு வரி அழியாத எழுத்தில் பொறித்துக் கொடுத்தால் செலவு என்ன ஆகிவிடும்? கொடுக்கிற சர்க்காரே அதை நிபந்தனையாக வைக்கலாம்.

சட்டமும் இவ்விஷயத்தில் ஊமையாக இல்லை. 2012 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஸ்ரீமதி ஜீஜா கோஷ் என்பவர், பெருமூளை வாதமுள்ளவர், ஏறி அமர்ந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் வழக்காடினார். 2016 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குப் பத்து லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. அவ்வருஷமே மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் நிறைவேறியது. 2022ஆம் வருஷத்தில் ராஞ்சியில் ஒரு சிறுவனை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோ கம்பெனிக்கு ஐந்து லட்ச ரூபாய் அபராதம் விழுந்தது. அதன்பின், உடற்குறையைக் காரணமாகக் காட்டி எவரையும் ஏற்ற மறுக்கலாகாது, உடல்நிலையில் சந்தேகமிருந்தால் டாக்டரே வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமென்று டைரக்டர் ஜெனரல் விதியைத் திருத்தினார். ஆள் ஏறுவதற்கு இத்தனை பாதுகாப்பு வந்துவிட்டது. ஆளை ஏற்றிக்கொண்டு அவருடைய நாற்காலியை முடமாக்கி அனுப்புவதற்கு என்ன பரிகாரம்? அவரும் இறக்கிவிடப்பட்டவரைப் போலத்தானே நிற்கிறார், விமானத்தின் மறுமுனையில்?

பிரயாணியின் பங்கும் இருக்கிறது. உதவி தேவைப்படுவதைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்கும்படி விதி சொல்கிறது. அத்துடன் பாட்டரியின் விவரத்தையும் எழுதிக் கொடுத்துக் கம்பெனியின் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நமது வாலிபர் டெலிபோனில் சொல்லியிருந்தார். டெலிபோனில் "சரி" என்றவர் வாசலில் நிற்பதில்லை.

கம்பெனிகளிடமும் விமான நிலைய அதிகாரிகளிடமும் நாம் கேட்பது தருமமல்ல. மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய மூன்று நிலையங்களும் ஆய்க்குடி வட்டாரத்தாருக்கு வாசல்கள். தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய கட்டடமும் திறக்கப்பட்டுவிட்டது. கண்ணாடியும் வெளிச்சமுமாக அழகாகவே இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் ஓரிடத்தில், சக்கர நாற்காலி பாட்டரியின் விதியைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டட்டும். அது பிரயாணிக்காக மட்டுமல்ல. அவருக்கெதிரே மேஜையில் அமர்ந்திருப்பவருக்காகவும்தான். ஆங்கிலத்தில் ஏராளமான பக்கங்களில் கிடக்கும் விதியை, பின்னால் வரிசை நெருக்குகையில் எந்த இளைஞன் புரட்டிப் பார்ப்பான்? நாற்காலியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு ஆளையும், ஒரு செட்டுச் சாவியையும் ஒவ்வொரு நிலையத்திலும் வைக்கட்டும். சாவி இருந்திருந்தால் டில்லியில் அந்த நாற்காலி ஓடியிருக்கும். சிப்பந்திகளுக்குப் பயிற்சி வேண்டுமானால் ஆய்க்குடிக்கு ஒரு நாள் வந்து போகட்டும். நாற்காலியைத் தூக்குவது எப்படி, தூக்கக்கூடாதது எப்படியென்று, அதில் உட்கார்ந்திருப்பவர்களிடமே கற்றுக்கொள்ளலாம்.

நமது வாலிபருக்கு அந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் டில்லிக்குப் புறப்படுகிறார். நாற்காலியின் முதுகில் ஒரு தகடு அடித்திருக்கிறார்: "ஈய-அமிலம். சிந்தாதது. கழற்ற வேண்டாம். சுவிட்சு வலப்பக்கம்." தமிழில் ஒரு முறை, ஹிந்தியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. சாவியையும் நூலில் கட்டி அதிலேயே தொங்கவிட்டிருக்கிறார்.