பூக் கட்டத் தெரியுமா? கட்டுரையும் எழுதலாம்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. வீட்டு வேலை செய்பவர்கள் வருகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். பூ விற்கும் அக்கா ஒருவரும் வருகிறார். அவர் இப்போது மளிகைச் சீட்டு எழுதுகிறார். ஊருக்குக் கடிதம் எழுதுகிறார்.

ஒருநாள், "எல்லாரும் ஒரு கட்டுரை எழுதி வாருங்கள்" என்றேன். அக்கா சிரித்துவிட்டார்.

"கட்டுரையா? அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க எழுதறதும்மா. எனக்குப் பூக் கட்டத்தான் தெரியும்."

"அது தெரிந்தால் போதும் அக்கா" என்றேன்.

கட்டுரை என்றால் என்ன?

கட்டு, உரை. உரை என்றால் பேச்சு. கட்டிய பேச்சுதான் கட்டுரை. கூடையில் கிடப்பது உதிரிப் பூ. நாரில் கட்டினால் சரம். நம் மனதிலும் பல செய்திகள் உதிரியாகக் கிடக்கின்றன. அவற்றை ஒரு நாரில் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நாம் பார்த்ததை எழுதுவோம்

அக்கா மறுநாள் எழுதி வந்தார். தலைப்பு: தண்ணீர். "தண்ணீர் மிகவும் அவசியம். தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. தண்ணீரைச் சேமிக்க வேண்டும்."

இதில் தவறு இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அக்காவுக்குத் தெரிந்தது இதில் எங்கே?

"உங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும்?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். எந்நேரம்னு தெரியாது. ராத்திரி முழிச்சிக்கிட்டே இருக்கணும். விடிகாலையில மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகணும். தூக்கம் இல்லாம போனா சில்லறை எண்ணும்போது தப்பு வருது. தண்ணி பிடிக்காம விட்டா, பூவுக்குத் தெளிக்கத் தண்ணி இருக்காது. பூ வாடிடும்."

"இதை எழுதுங்கள் அக்கா. இதுதான் உங்கள் கட்டுரை" என்றேன்.

கேட்டும் படித்தும் சேர்ப்போம்

நமக்குத் தெரிந்தது மட்டும் போதாது. தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும். செய்தித்தாள் படிக்க வேண்டும். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து தேடினோம். பல செய்திகள் கிடைத்தன.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகருக்குள் பெரிய ஆறு இல்லை. 1974இல்தான் காவிரி நீர் இங்கு வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, பெரிய மோட்டார்கள் அதை மேட்டுக்கு ஏற்றி அனுப்புகின்றன. 2024 கோடையில் பல ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. நகரமே தண்ணீருக்குத் தவித்தது.

இதைக் கேட்ட அக்கா ஒரு கேள்வி கேட்டார். "அவ்வளவு தூரம் ஏறி வர தண்ணி எங்க தெருவுக்கு எப்ப வரும்னு ஒரு பலகையில எழுதிப் போட முடியாதா?"

நல்ல கேள்வி! இதுதான் நார். இனி எல்லாப் பூவையும் இந்த நாரில் கட்டலாம். வீட்டு வாடகை பற்றியும் எழுத அக்காவுக்கு ஆசை. அதுவும் நல்ல பூதான். ஆனால் இந்தச் சரத்தில் சேராது. அடுத்த கட்டுரைக்கு எடுத்து வைத்தோம்.

மறுபக்கத்தையும் கேட்போம்

வால்வு திறக்கும் ஊழியரை அக்கா போய்ப் பார்த்தார். அவர் சொன்னார்: "கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். நேரம் மாறிவிடும். நான் என்ன செய்ய?"

அக்கா யோசித்தார். "அவரு சொல்றதும் நியாயந்தான். ஆனா நேரம் மாறினா, மாறுதுன்னு சொல்லலாமே?" என்றார்.

பார்த்தீர்களா? கோபமாகத் தொடங்கியது யோசனையாக மாறிவிட்டது. மறுபக்கத்தையும் எழுதினால் படிப்பவர் நம்மை நம்புவார்.

தொடக்கமும் முடிவும்

அக்கா தன் கட்டுரையை இப்படித் தொடங்கினார்: "இரவு மணி இரண்டு. காலிக் குடம் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்." இதைப் படித்தால் அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றும்.

முடிவு என்பது முடிச்சு. அது இறுகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரம் அவிழும். நாம் கேட்ட கேள்விக்கு நாம் கண்ட பதில்தான் முடிவு. அங்கே புதிய செய்தி வேண்டாம்.

எழுதியதை உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். எழுத்துப் பிழையைக் கடைசியில் திருத்தலாம். பிழைக்குப் பயந்து எழுதாமல் இருக்க வேண்டாம்.

நாம் எழுதினால் யார் படிப்பார்?

அக்காவும் இதைத்தான் கேட்டார். அவருக்கு நான் பேபி ஹால்தாரைப் பற்றிச் சொன்னேன்.

பேபி 1973இல் பிறந்தவர். தாய்மொழி வங்காளி. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 12 வயதில் கல்யாணம். கணவரின் கொடுமை தாங்காமல் மூன்று குழந்தைகளோடு டில்லிப் பக்கம் வந்தார். குர்கானில் வீட்டு வேலை செய்தார். அந்த வீட்டுக்காரர் பிரபோத் குமார் ஓய்வு பெற்ற பேராசிரியர். தூசி தட்டும்போது பேபி புத்தகங்களையே பார்த்து நிற்பதை அவர் கவனித்தார். நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, வாழ்க்கையை எழுதச் சொன்னார். வேலை முடிந்த பிறகு பேபி எழுதினார். 2002இல் அது இந்தியில் புத்தகமாக வந்தது. 2006இல் ஆங்கிலத்திலும் வந்தது. பிறகு பல மொழிகளில் மக்கள் படித்தார்கள்.

இதுவரை நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். நம் இரவு இரண்டு மணி அவர்களுக்குத் தெரியாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

அக்கா வகுப்பில் தன் கட்டுரையைப் படித்தார். ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "எங்க தெருவிலயும் இதே கதைதான். இதை மனுவா எழுதிக் கொடுக்கலாமா?"

இப்போது அந்த மனுவை எல்லாரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

செய்து பாருங்கள்

1. நேற்று உங்கள் தெருவில் கண்ட ஐந்து செய்திகளை எழுதுங்கள்.
2. அவற்றைப் பற்றி உங்கள் மனதில் எழும் கேள்வி என்ன?
3. அந்தக் கேள்விக்குப் பொருந்தாத செய்தியை எடுத்துவிடுங்கள்.
4. மீதியைக் கட்டுங்கள். பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.